மாத்திரை டீச்சர்

மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க மாட்டாள். வாங்குகிறவர் ஒரு முனையைப் பிடித்திருப்பார், இவள் மறுமுனையை. "எப்பப் போடணும்?" என்று கேட்பாள். இப்போதுதானே நீயே சொன்னாய் என்பதுபோல் அவர் பார்ப்பார். "நான் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க." காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று அவர் வாயிலிருந்து வந்த பின்புதான் அட்டை கைமாறும். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். பஸ் போய்விடும் என்பார் ஒருவர். முதலாளி கல்லாவில் இருந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். அவள் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டிருப்பாள்.

இருபத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு. வெள்ளைக் கோட்டு இரண்டு சுற்றுப் பெரிது. முன்பு அந்த மருந்துக்கடையில் வேலை பார்த்தவருடையது. கைகளை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருப்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் மேலேயே பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். அவள் சூரியனுக்குக் கதிர் எப்போதும் ஏழுதான். ஏன் ஏழு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு இருமல் மருந்துக்காக நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், அடுத்து நின்றவரிடம், "படிச்சிட்டு வந்தீங்களா? உள்ள மாத்திரை டீச்சர் இருக்கு, பரீட்சை வைக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்கு வேறு பெயர் இல்லை.

டீச்சர் என்று யாராவது கூப்பிட்டால் அவளுக்குக் காது மடல் சூடாகிவிடும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். கல்லூரியில் நான்கு வருடமும் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவள். தப்பாகிவிடுமோ என்ற பயம் இல்லை. சரியாக இருந்துவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். இன்றைக்கும் ஒரு மருந்தின் அளவை நூறு தடவை சொல்லியிருந்தாலும், நூற்றியோராவது தடவை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். ஊருக்குச் சொல்ல நான் யார் என்ற கேள்வி அவளுடன் கடைக்கு வந்து, அவளுடனேயே வீடு திரும்பும்.

அப்படிப்பட்டவள் பாட்காஸ்ட் தொடங்கியதற்கு ஒரு அம்மாள் காரணம். அலுவலகங்களில் துப்புரவு வேலை பார்ப்பவர். முழங்கால் வலிக்கு ஒரு டாக்டரிடமும் இடுப்பு வலிக்கு இன்னொரு டாக்டரிடமும் போய், இரண்டு சீட்டு வாங்கி, இரண்டு கடைகளில் இரண்டு மாத்திரைகள் வாங்கிப் பதினோரு நாள் சேர்த்து விழுங்கியிருந்தார். வயிற்றெரிச்சலுக்கு மருந்து கேட்டு வந்தபோது அவள்தான் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். பெயர்தான் இரண்டு, மருந்து ஒன்றே. அதைச் சொன்னதும் அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய், "ரெண்டும் வேற வேற கலருல்ல பாப்பா?" என்று கேட்டார்.

அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை. இரண்டு நாள் அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பதிலைக் கைப்பேசியில் பேசி, அந்த அம்மாளுக்குக் குரல்செய்தியாக அனுப்பினாள். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. ஒரு வாரம் கழித்து அந்தச் செய்தி யார் யார் கைகளையோ தாண்டி அவள் அம்மாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவருக்கு அது யார் குரல் என்று தெரியாது. 'வீட்ல பெரியவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க' என்று கீழே எழுதியிருந்தார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முழுவதும் கேட்டுவிட்டு, "உன் குரல் மாதிரியே இருக்குல்ல" என்றார்.

அதற்குப் பிறகு முறையாகச் செய்யலாம் என்று இறங்கினாள். முறையாக இறங்கியதுதான் தப்பாகப் போயிற்று. நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம். வலி நிவாரணிகள் மூன்று வகைப்படும்" என்று ஆரம்பித்தாள். தங்கை கேட்டுவிட்டு, "அக்கா, மூணாவது பிளாட்பாரத்துக்கு வண்டி வரப்போகுதா?" என்றாள். பாட்காஸ்ட் ஏற்றும் செயலியில் ஒரு கோடு உண்டு. எந்த இடத்தில் எத்தனை பேர் கேட்பதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று காட்டும். முதல் நாற்பது வினாடியில் அந்தக் கோடு மாடியிலிருந்து விழுந்ததுபோல் விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் என்ன பேசியிருக்கிறோம் என்று போட்டுக் கேட்டாள். 'மூன்று வகைப்படும்' என்ற இடம். அவளே கேட்க விரும்பாத இடம்.

பிறகு தனக்குத்தானே சில சட்டங்களைப் போட்டுக்கொண்டாள். ஒரு பகுதிக்கு ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை அந்த வாரம் கடையில் யாராவது நிஜமாகக் கேட்டிருக்க வேண்டும். கேள்வியோடுதான் தொடங்க வேண்டும், வணக்கம் கிடையாது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரு வினாடி கூடாது. எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. கேட்டவர் முகத்தை நினைத்துக்கொண்டு அவரிடம் பேச வேண்டும். 'சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?' என்று பெயர் வைத்தாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை அவள் காதில் விழும் கேள்வி அது. ஆறாவது பகுதியில் கோடு விழவில்லை. மாடிப்படி இறங்குவதுபோல் மெதுவாக இறங்கியது. வேன்காரர் காலைச் சவாரியில் அதைப் போட ஆரம்பித்தார். "பசங்க கத்தல நிறுத்த உங்க குரல்தான் டீச்சர் சரியா இருக்கு" என்றார். அது பாராட்டுத்தானா என்று அவள் அன்று முழுவதும் யோசித்தாள்.

பதிவு செய்கிற இடம் கடையின் பின்னறை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடைக்கு ஓய்வு. முதலாளி சாப்பிடப் போன பிறகு, பஞ்சு உருளைகள் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பாள். உள்ளே சுற்றிலும் பஞ்சு. நடுவில் கைப்பேசி. தலையை உள்ளே விட்டுப் பேசினால் எதிரொலி இருக்காது, தெருவின் ஹாரன் சத்தமும் பாதிதான் வரும். ஒரு தடவை சரக்கு இறக்க வந்தவர், பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு பெண் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பின்வாங்கிப் போய் வாசலில் நின்றுகொண்டார்.

அந்த அறையில் அடங்காத சத்தம் ஒன்றே ஒன்று. மருந்துகள் வைத்திருக்கும் குளிர்பெட்டி. பழையது, ஓடும்போது அடித்தொண்டையில் முனகும். எத்தனை பஞ்சு வைத்தாலும் அந்த முனகல் அவள் குரலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதனால் பதிவு செய்யும் கால்மணி நேரம் மட்டும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். கதவைத் திறக்காமல் இருந்தால் கால்மணி நேரத்தில் உள்ளே ஒரு டிகிரிகூட ஏறாது. மூன்று நாள் சோதித்துப் பார்த்துத்தான் தொடங்கினாள். திரும்பப் போட மறந்துவிட்டால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் தன் ஸ்கூட்டர் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போக வேண்டுமானால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை என்றால் ஞாபகம் வந்துவிடும். முப்பது பகுதிகள் அப்படித்தான் பதிவாயின. சில்லிட்ட சாவியோடு வெளியே வருவாள்.

முப்பத்தோராவது பகுதி ஒரு சனிக்கிழமை. 'மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடலாமா?' சனிக்கிழமை ஒன்றரைக்குக் கடை மூடினால் திங்கள் காலைதான் திறப்பார்கள். வழக்கமாகச் சனிக்கிழமைகளில் அவள் பதிவு செய்வதில்லை. அந்த வாரம் கூட்டம் அதிகம், நேரமே கிடைக்கவில்லை. முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்டாள். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டு முன்னால் காத்திருந்தார். அப்பாவுக்கு அந்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் வேலை. ஸ்கூட்டர் அவரிடம் இருந்தது. உள்ளே வைக்கச் சாவி இல்லை.

மறுநாள் பிற்பகல், அம்மா மடித்து வைத்த துணிக் குவியலின் மேல் சாய்ந்துகொண்டு, காதில் இயர்போனோடு அந்தப் பதிவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றில் இதுதான் சுத்தமாக வந்திருந்தது. குரல் நடுங்கவில்லை. மாத்திரை இரண்டாக உடைகிற 'டிக்' சத்தம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. கடைசி வாக்கியம் முடிந்த பிறகும் பதிவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது அவள் வழக்கம். வெட்டிய இடங்களை நிரப்ப அறையின் வெறும் அமைதி ஒரு துண்டு வேண்டும். அந்த வாலில் எப்போதும் ஒரே வரிசைதான். அவள் எழுந்திருப்பது, நான்கு எட்டு, பிளக்கைச் சொருகுவது, பிறகு 'தடக்' என்று குளிர்பெட்டி விழித்துக்கொள்வது.

இந்த வாலில் முதலாளியின் குரல் இருந்தது. "வாம்மா, பூட்டணும்." அடுத்து அவளுடைய குரல். "இதோ சார்." அத்துடன் பதிவு நின்றுவிட்டது.

திரும்பப் போட்டாள். வாம்மா, பூட்டணும். இதோ சார். மூன்றாம் தடவை கேட்கும்போது ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டாள், அந்தத் 'தடக்' வெளியில் எங்காவது கேட்டுவிடும் என்பதுபோல.

"எங்கக்கா கிளம்பிட்ட?" என்றாள் தங்கை.

"கடைக்கு."

"இன்னிக்கு லீவு."

அதற்குள் அவள் பாதித் தெரு போயிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. இருபத்தைந்து நிமிட நடையைப் பதினைந்தில் கடந்தாள். காலையில் கடையைத் திறப்பவள் என்பதால் ஒரு சாவி அவளிடம் உண்டு. ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தாள். பின்னறை அடுப்பங்கரைபோல் வெந்துகொண்டிருந்தது. சுவரோரம் பிளக் வெறுமனே கிடந்தது.

பெட்டிக்குள் வெப்பம் காட்டும் சிறிய கருவி ஒன்று உண்டு. இப்போது எத்தனை டிகிரி என்பதை மட்டுமல்ல, கடைசியாக அழித்ததிலிருந்து எவ்வளவு வரை ஏறியது என்பதையும் அது நினைவில் வைத்திருக்கும். எட்டைத் தாண்டக் கூடாது. முப்பத்து மூன்று என்று காட்டியது.

இன்சுலின் குப்பிகள், கண் சொட்டு மருந்துகள், தடுப்பூசிகள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கீழ்த்தட்டில் ரப்பர் வளையம் போட்ட ஒரு சிறு பொட்டலம். அதன் மேல் அவள் கையெழுத்து: 'வேன் அண்ணன் பாப்பா. திங்கள்.' இரண்டு வாரத்துக்கு முன் வேன்காரரின் எட்டு வயது மகளை நாய் கடித்துவிட்டது. ஊசி மருந்து முழுவதையும் ஒன்றாக வாங்கியவர், வீட்டில் குளிர்பெட்டி இல்லாததால் மீதியை இங்கேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தார். "உங்ககிட்ட இருந்தா பேங்குல இருக்கிற மாதிரி டீச்சர்." நாளைக்கு அடுத்த ஊசி. அதைத் தள்ளிப்போட முடியாது.

பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. இன்சுலினையும் பார்த்தாள், தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. கெட்டது, கெடாதது இரண்டுக்கும் ஒரே முகம்.

பிளக்கைச் சொருகினாள். 'தடக்.' இரண்டு மணி நேரத்தில் உள்ளே ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். கருவியின் பின்புறம் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் முப்பத்து மூன்று அழிந்துவிடும். நாளைக் காலை ஏட்டில் ஐந்து என்று எழுதலாம். அது பொய்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லை. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை போனால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பார், அதுதான் தாங்காது. முப்பது பகுதிகளில் எத்தனை தடவை 'சந்தேகம்னா போடாதீங்க' என்று சொல்லியிருக்கிறோம் என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. விரலை எடுத்தாள். முப்பத்து மூன்றைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, கையோடு அவரை அழைத்தாள்.

அவர் கலைந்த தலையோடு, வீட்டுச் செருப்போடு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யாருக்காவது குடுத்துட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்து, மேசையில் பரப்பியிருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"தடுப்பூசியெல்லாம் தூக்கிப் போட்டுடு. இன்சுலின் இருக்கட்டும். எத்தனை வீட்டுல அலமாரில வச்சுப் போட்டுக்கறாங்க."

"அவங்க எப்ப வெளிய எடுத்தோம்னு தெரிஞ்சு வச்சுக்கறாங்க சார். அதுவும் இவ்வளவு சூட்டுல இல்ல." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நாம குடுத்தா டப்பால போட்டிருக்கிற தேதிய நம்புவாங்க. அந்தத் தேதி இனிமே பொய்."

அவர் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்து, எல்லாவற்றையும் அவரே அதில் போட்டு, மேலே 'விற்கக் கூடாது' என்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போதுதான் முகத்தை நிமிர்த்தினார். வேன்காரருக்குப் புது மருந்தை எங்கே அலைந்தாவது காலைக்குள் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார். வேன்காரரிடம் எதையும் விளக்க வேண்டாம். வருவார், வாங்குவார், போவார். குழந்தைக்கு நல்ல மருந்து போய்ச் சேர்ந்தால் போதாதா என்றார். கடை இருபது வருடத்துக் கடை என்றார்.

பிறகு பஞ்சுப் பெட்டியைப் பார்த்தார். "இது எல்லாத்துக்கும் அந்த ரேடியோ வேலைதான் காரணம். இனிமே அது இங்க வேணாம். அதுல இந்தக் கடைப் பேச்சு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, நீ வேற இடம் பாத்துக்கம்மா."

அம்மா என்றுதான் சொன்னார். அதனால்தான் வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறார் என்று தெரிந்தது.

திங்கள் காலை எட்டே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். முன் இருக்கையில் வேன்காரரின் மகள், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இன்ஜினை அணைக்காமல் வேன்காரர் இறங்கி வந்தார். "பாப்பா பொருளைக் குடுங்க டீச்சர், நர்ஸம்மா ஒன்பதுக்கு வரச் சொன்னாங்க." முதலாளி விடியற்காலையில் ஏழு கிலோமீட்டர் போய் வாங்கி வந்த புது மருந்து ஐஸ் குடுவைக்குள் தயாராக இருந்தது. முதலாளி கல்லாவில் இருந்தார். சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

குடுவையை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். கொடுத்தால் போய்விடுவார். நிறுத்தாத இன்ஜின் வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இவரிடம் சொல்வதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. பின் யாருக்காகச் சொல்ல வேண்டும்? தன் மனம் லேசாவதற்காகவா? அப்படியானால் அதுவும் ஒரு சுயநலம்தானே என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரலுக்குப் பதில் தெரியாமலேயே வாயைத் திறந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பிளக், சனிக்கிழமை, முப்பத்து மூன்று. எதற்காகப் பிடுங்கினாள் என்பதையும் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இது புதியது, முந்தைய ஊசிகள் போட்ட நாட்களில் பெட்டி சரியாக இருந்தது, ஏட்டில் எழுதியிருக்கிறது, காட்டுகிறேன் என்றாள். முதலாளியின் விரல்களுக்கிடையில் சில்லறைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வேன்காரர் குடுவையைத் திறந்தார். பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அப்படி வைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு கன்னத்தில் வைத்தவர், மறு கன்னத்திலும் வைத்தார். வேனிலிருந்து யாரோ ஒரு பிள்ளை ஹாரனை அழுத்தியது. அவர் திரும்பவில்லை.

"நீங்க சொல்லலேன்னா எனக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?"

டீச்சர் என்று சொல்லவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காதுண்ணே."

"அப்போ மத்த கடையில?"

அந்தக் கேள்வியும் அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். மணி ஒன்பதை நெருங்கியும் அங்கிருந்து நகராமல் நின்றார். கல்லாவில் முதலாளி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பது அவளுக்குக் கடைக்கண்ணில் தெரிந்தது.

அவள் கோட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒலி வாங்கும் முனை அவரைப் பார்த்து இருக்கும்படி திருப்பி, கண்ணாடி மேசையின் மேல் அதை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.